குட்டை ஆலுக்குக் கேட்ட பூ

இதை எழுதலாமா வேண்டாமா என்று தயங்கியே பல வருடங்கள் ஓடிவிட்டன. பேனாவை எடுப்பேன், சித்தியின் முகம் கண்முன் வந்து நிற்கும், மூடி வைத்துவிடுவேன். நான் பத்தாவதோடு நின்றவள். விளக்கேற்றிச் சாமி கும்பிட்டு, சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருப்பவள். நாலு பேர் படிக்கும்படி எதையும் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எழுத வைத்தது என் செல்போனுக்கு வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தி. பிள்ளை வரம் தரும் அதிசயக் குட்டை ஆலமரம் என்று தலைப்பு. சிவப்புப் பூவை வெள்ளையாக்கிய மரமாம். தானாகப் பால் சுரக்குமாம். அந்த வீட்டு மருமகளுக்கே அந்த வருடமே ஆண் குழந்தை பிறந்ததாம். கடைசியில், பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல சேதி வரும் என்று முடித்திருந்தார்கள்.

அது எங்கள் வீட்டு மரம். அந்த மருமகள் என் சித்தி. சித்திக்கு ஆண் பிள்ளையும் பிறக்கவில்லை, பெண் பிள்ளையும் பிறக்கவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், அந்தச் செய்தியை யாரோ சித்தியின் போனுக்கே அனுப்பியிருந்தார்கள். அவள் என்னைக் கூப்பிட்டுப் பேசினாள். அழவில்லை.

"நீதானத்தா பக்கத்துல இருந்த. நடந்தத நடந்தபடி எழுதிப் போட்டுரு. என்னையப் பத்தி என்ன வேணுமின்னாலும் எழுது. இல்லாதத மட்டும் எழுதாத."

அய்யனாரைச் சாட்சி வைத்து, நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருமயத்திலிருந்து அரிமளம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா சவூதியில், சித்தப்பா சிங்கப்பூரில். வீட்டில் அம்மா, சித்தி, நான் என்று மூன்று பேர். ஆண்கள் இரண்டு பேரும் எங்களுக்குப் போட்டோவிலும் போனிலும்தான் இருந்தார்கள். சித்தப்பா கல்யாணம் முடிந்த கையோடு விமானம் ஏறியவர். லீவுக்கு வருவார். வீட்டுச் சாப்பாடு உடம்பில் ஒட்டுவதற்குள் கிளம்பிவிடுவார். ஆனாலும் கோயிலிலும் குழாயடியிலும் சித்தியைப் பார்க்கிற பெண்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். இன்னும் விசேஷம் இல்லையா? சித்தி சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். குடத்தை இறக்கும்போது பார்த்தால் முகத்தில் அந்தச் சிரிப்பு இருக்காது.

அந்த வருடம் சித்தப்பா பெர்மிட் முடிந்து மொத்தமாகத் திரும்பி வந்தார். சிங்கப்பூர் பெட்டி என்றால் எங்கள் தெருவில் திருவிழா மாதிரி. சென்ட், சாக்லேட், தைலம், கழுத்துக்கு ஏதாவது மினுக்கம் என்று எதிர்பார்த்து அக்கம் பக்கத்தினர் கூடிவிட்டார்கள். பெட்டியைத் திறந்தால் மேலாக இருந்தது ஒரு சின்னக் கத்தரி, கூர்மூக்குக் குறடு ஒன்று, அலுமினியக் கம்பிச் சுருள்கள். எல்லோரும் திகைத்துப் போய்விட்டார்கள்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஊரு சனமெல்லாம் பொண்டாட்டிக்குச் செயினு கொண்டாருது. எங்க கொழுந்தனாரு கம்பி கொண்டாந்திருக்காரு. ஏத்தா, கழுத்துல சுத்திக்கிறியா, கையில சுத்திக்கிறியா?"

"மதினி, இது ஒங்களுக்குப் புரியாது. மரத்துக்குச் சுத்துற கம்பி" என்றார் சித்தப்பா.

சிங்கப்பூரில் ஒரு பெரிய முதலாளி வீட்டுத் தோட்டத்தில் அவருக்கு வேலை. அங்கே தாம்பாளம் மாதிரி தட்டையான தொட்டியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரம் இருந்ததாம். நம் ஊர் கண்மாய்க்கரை மரத்தைச் சுருக்கி வைத்த மாதிரி வேரும் கிளையும் முண்டும் முடிச்சும். வயதோ சித்தப்பாவைவிட அதிகம். போன்சாய் என்பார்களாம். அதில் கத்தரி வைக்க வேறு ஆள் வருவான், சித்தப்பாவுக்கு விட்டது தண்ணீர் ஊற்றுகிற வேலை மட்டும். ஊற்றி ஊற்றிப் பார்த்ததிலேயே அவர் மனது அதில் சிக்கிக்கொண்டது. நாலு மரம் தேறினால் திருமயம் ரோட்டில் ஒரு நர்சரி போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம், மறுபடி கப்பலும் விமானமும் வேண்டாம் என்பது அவர் கணக்கு.

முதலில் ஒரு புளியங்கன்று. அதை வீட்டிலிருந்த பீங்கான் தட்டில் நட்டு, அழகாக இருக்கும் என்று டிவி மேலே வைத்தார். தட்டில் தண்ணீர் வடிய ஓட்டை கிடையாது. டிவி மேலே வெயிலும் கிடையாது. காலையும் மாலையும் ஆசை ஆசையாகத் தண்ணீர் ஊற்றினார். கன்று மஞ்சளாகி, இலை ஒவ்வொன்றாக டிவி பெட்டிக்குள் உதிர்ந்து, கடைசியில் வேரைத் தூக்கிப் பார்த்தால் கூழாகியிருந்தது.

அடுத்தது வேம்பு. இந்த முறை ஓட்டை வேண்டும் என்று சித்தியின் சோறு வடிக்கிற அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டார். அதில் வேம்பை வைத்து, ஒரே நாளில் வேரையும் நறுக்கி, கிளையையும் நறுக்கி, உச்சி முதல் அடிவரை கம்பி சுற்றி, மொட்டை வெயிலில் கொண்டுபோய் வைத்தார். உயிருள்ள செடியின் வேரை ஒருவர் சிரித்த முகத்தோடு வெட்டுவதை அதுவரை நான் பார்த்ததில்லை. வேம்பு காய்ந்து விறகாகிவிட்டது. கம்பி மட்டும் மரம் மாதிரி நின்றது.

அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "கம்பி நல்லாத் துளுத்திருக்கு தம்பி."

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதேயில்லை. சித்தப்பாவும் சிரித்தார். பிறகு சாப்பிட உட்கார்ந்தபோது விளையாட்டாகச் சொல்கிற மாதிரி ஒன்று சொன்னார். "அடுத்ததும் தேறலைன்னா பேசாம ஏஜென்ட்டப் பாத்து மறுபடி பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டுற வேண்டியதுதான். இங்கிட்டு நமக்கு என்ன வேலை இருக்கு?"

சித்தியின் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. குழம்பு அவர் இலையில் விழாமல் தரையில் சொட்டியது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அய்யனாருக்குப் புரவி எடுப்பு நெருங்கியது. மண்குதிரை செய்து ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கோயிலில் வைக்கிற திருவிழா. அதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு ஆள் போய்க் கோயிலைச் சுத்தம் செய்யவேண்டும். நாங்கள் எல்லோரும் போனோம். எங்கள் அய்யனார் கோயில் ஒரு காட்டுக்குள் இருக்கிறது. அந்தக் காட்டிலிருந்து ஒரு சுள்ளியைக்கூட யாரும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். விறகுக்கு எவ்வளவு கஷ்டம் வந்தாலும் அங்கே காய்ந்து விழுந்தது அங்கேயே மக்க வேண்டியதுதான். செருப்பில் ஒட்டிய முள்ளைக்கூடத் தட்டிவிட்டுத்தான் வெளியே வருவோம்.

கோயில் மதில் வெடிப்பில் ஆலங்கன்றுகள் முளைத்துக் கிடந்தன. விட்டால் மதிலைப் பிளந்துவிடும். அவற்றைப் பிடுங்கி ஓரமாக எறிந்துகொண்டிருந்தார்கள். அந்தக் குவியலுக்கு முன்னால் சித்தப்பா உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஒரு கன்றைக் கையில் ஏந்தியிருந்தார். கல்லிடுக்கில் நெருக்குண்டு வளர்ந்ததால் அதன் அடிப்பாகம் கிழங்கு மாதிரி பருத்து, வேர்கள் விரல்களைப் போலப் பிரிந்து, சாண் உயரத்திலேயே கிழட்டு மரத்தின் சாயலில் இருந்தது.

"இது நான் செஞ்சதில்ல, அய்யனாரே செஞ்சு வச்சிருக்காரு. இத நான் கொண்டு போறேன்" என்றார்.

பூசாரி பதறிவிட்டார். அம்மா அதற்கு மேல். "என்னா தம்பி பேசுறிய? காட்டுச் சாமான் வீட்டுக்குள்ள வர்றதா? அதுவும் ஆலமரத்தப் புடிச்சு வளர விடாமக் குட்டையாக்கப் போறியளா? புள்ளயில்லாத வீட்டுல ஏன் இந்த வேல?"

அம்மா சொன்ன கடைசி வார்த்தையில் எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். சித்தி வாரியலோடு குனிந்து பெருக்கிக்கொண்டே இருந்தாள்.

"குப்பையில போட்டது மதினி. செத்துப் போகும். எடுத்து வளக்குறது பாவமா?" சித்தப்பாவும் விடவில்லை.

பேச்சு முற்றியபோது பூசாரிதான் வழி சொன்னார். பூக்கட்டிப் பார்த்துவிடுவோம், அய்யா உத்தரவு கொடுத்தால் எடுத்துப் போகட்டும். எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொரு இலையில் சிவப்புப் பூ வைத்து, வெளியே தெரியாமல் ஒரே மாதிரி பொட்டலம் கட்டி, சாமி முன்னால் வைப்பார்கள். விவரம் தெரியாத பிள்ளை ஒன்று கும்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது. பெண்ணெடுப்பதும் கிணறு வெட்டுவதும்கூட இப்படிக் கேட்டுத்தான். அதன் பிறகு மறுபேச்சுக் கிடையாது.

பொட்டலம் கட்டுவது யார் என்று வந்தது. அம்மாவே சொன்னாள், சித்தி கட்டட்டும் என்று. அவள் விரதக்காரி, வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லிக் கேட்டதில்லை, அவள் வயிற்றுக்கு வரப்போகிற நல்லது கெட்டதும் இதில் இருக்கிறது. சித்தி எல்லோரும் பார்க்க ஒரு செவ்வரளியும் ஒரு நந்தியாவட்டையும் பறித்தாள். மதிலுக்குப் பின்பக்கம் போய்ப் பூவரச இலையில் மடித்து, வாழைநாரால் கட்டிக் கொண்டுவந்து வைத்தாள்.

பிள்ளை நான்தான். கண்ணை மூடி, "அய்யனாரப்பா" என்று சொல்லி, ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். நந்தியாவட்டை. சித்தப்பா கன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எல்லோரும் சூடத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, சாமி காலடியில் கிடந்த மற்றப் பொட்டலம் என் கண்ணில் பட்டது. அதிலிருக்கும் செவ்வரளியைத் தலையில் வைத்துக்கொள்ள ஆசை. எடுத்து நாரை உருவினேன்.

உள்ளே நந்தியாவட்டை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "அம்மா, சேப்புப் பூ வெள்ளையாயிருச்சு! சாமி வெள்ளையாக்கிருச்சு!" என்று கத்தினேன். ஓடிவந்து பார்த்தார்கள். பிறகு யாரோ குலவையிட்டார்கள். பூசாரிக்கு அருள் வந்து ஆடினார். அம்மா அந்தக் கன்றுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். சற்று முன்புவரை அதை வீட்டுக்குள் விடமாட்டேன் என்ற அதே அம்மா.

சித்தி மட்டும் வாரியலைப் பிடித்தபடி கல்லாக நின்றாள். முகத்தில் ஒரு துளி ரத்தம் இல்லை. அவளுக்கும் என்னைப் போலப் பக்தியில் சிலிர்த்திருக்கிறது என்று நினைத்தேன்.

கன்று வீட்டுக்கு வந்தது. பட்ட அடியில் சித்தப்பாவுக்குப் புத்தி வந்திருந்தது. இதன் வேரில் உடனே கை வைக்கவில்லை. செங்கலை இடித்துச் சலித்து, செம்மண்ணும் மக்கிய சாணியும் கலந்து, சாதாரண மண்தொட்டியில் நட்டு, கொல்லையில் காலை வெயில் படுகிற இடத்தில் வைத்து, ஒரு மழைக்காலம் முழுக்கச் சும்மா விட்டார். மண்ணை விரலால் தொட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். மறு கோடையில்தான் தட்டைத் தொட்டிக்கு மாற்றினார். அதைச் சொல்லி வைத்துத் திருமயத்தில் வாங்கி வந்தார், சித்தியின் வடிதட்டு தப்பித்தது. கம்பியையும் தோலைக் கடிக்கவிடாமல் அவ்வப்போது அவிழ்த்து மாற்றிச் சுற்றினார். சித்தியும் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியை நீட்டிப் பிடிப்பாள். இரண்டு பேரும் என்னதான் பேசுவார்களோ, மெதுவாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஏஜென்ட் பேச்சே வீட்டில் இல்லை.

அதற்குள் பூ வெள்ளையான கதை கண்மாய் தாண்டி, ரோடு தாண்டிப் போய்விட்டது. முதலில் எங்கள் ஊர்ப் பெண்கள் வந்து கும்பிட்டார்கள். பிறகு அரிமளத்திலிருந்து வந்தார்கள். ஒரு நாள் ஆள்கள் இருக்கும்போது சித்தப்பா நீண்டிருந்த ஒரு கிளையைக் கத்தரித்தார். ஆல் என்றால் வெட்டினால் பால் வரும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெட்டுவாயிலிருந்து வெள்ளையாகச் சொட்டியதைப் பார்த்து ஒரு பெண் தன் மடியை விரித்து ஏந்தி, ஓவென்று அழுதாள். மரம் பால் கொடுக்கிறது என்று அன்று கிளம்பிய பேச்சுதான் இன்றைக்கு வாட்ஸ்அப்பில் தானாகச் சுரக்கிறது.

பிறகு தொட்டில் கட்ட ஆரம்பித்தார்கள். கோயில் ஆலமரங்களில் பிள்ளை வேண்டிச் சின்ன மரத்தொட்டில் கட்டுவார்களே, அதைச் சாண் உயர மரத்தில் கட்டினார்கள். ஒரு தொட்டிலுக்கே கிளை வளையும். சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சுவார். "ஆத்தா, கும்பிட்டுட்டுப் போங்க. கட்டாதீங்க, தாங்காது." கேட்பார்களா? ஒரு வெள்ளிக்கிழமை அவர் பார்த்துப் பார்த்து வளைத்திருந்த கிளை தொட்டிலோடு முறிந்து விழுந்தது. முறிந்த கிளையையும் பிரசாதம் என்று பிய்த்துக்கொண்டு போனார்கள். சித்தப்பா கொல்லைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை. விபூதித் தட்டோடு நின்று ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்வாள். சொல்லும்போது என்னைக் கூப்பிட்டு என் வலது கையைத் தூக்கிக் காட்டுவாள். இந்தக் கைதான் எடுத்தது என்று. பெண்கள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கூட்டம் வருகிற நாளெல்லாம் சித்தி அடுப்படியைவிட்டு வெளியே வரமாட்டாள்.

அப்படி ஒரு நாள் மணமேல்குடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். தனியாக, பஸ் மாறி மாறி வந்திருந்தாள். சித்தி வயதிருக்கும். வாடிப்போன முகம். ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றி வந்து, மடியிலிருந்து தொட்டிலை எடுத்துக் கட்டினாள். அம்மா விபூதி கொடுத்து, ஆஸ்பத்திரியில் காட்டினாயா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"காட்டிக்கிட்டுத்தாங்க இருந்தேன். தஞ்சாவூரு டாக்டரு, இந்தத் தடவ நிச்சயம்னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க. இனிமே எனக்கு எதுக்குங்க? இந்த மரத்தக் கேள்விப்பட்ட அன்னைக்கே எல்லாத்தையும் கொண்டுபோயிக் கடல்ல கொட்டிட்டேன்" என்றாள் அவள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

அடுப்படியில் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. சித்தி வெளியே வந்தாள். கையெல்லாம் மாவு. நேராக அந்தப் பெண்ணின் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, ரெண்டுலயும் வெள்ளப் பூதான் இருந்துச்சு."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. ஆமாம், அய்யா மாற்றினார் என்று தலையாட்டினாள்.

"சாமி மாத்தல. நாந்தான் இன்னொரு வெள்ளையும் பறிச்சு ரெண்டுலயும் அதையே கட்டுனேன். செவப்ப மதிலுக்குப் பின்னால போட்டுட்டேன். மத்தப் பொட்டலத்தப் பெருக்கித் தள்ளிரலாம்னு இருந்தேன். இந்தப் புள்ள முந்திக்கிருச்சு. மாத்திரையத் திரும்ப வாங்கிச் சாப்புடுங்கக்கா. ஒங்க கால்ல விழுறேன். விட்ராதீங்க."

சொன்னபடி காலில் விழுந்துவிட்டாள்.

அம்மாவின் கையிலிருந்த விபூதித் தட்டு சாய்ந்து, விபூதி அவள் காலிலேயே கொட்டியது. அவளுக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் ஒருத்தி, "கொலசாமிகிட்டயே பொய்யா?" என்று மண்ணை வாரித் தூற்றினாள். நான் என் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஏன் மறைத்தேன் என்று தெரியாது.

மணமேல்குடிப் பெண் திட்டவில்லை. கட்டிய தொட்டிலை நிதானமாக அவிழ்த்தாள். கிளைக்கு வலிக்கக்கூடாது என்பது மாதிரி அவிழ்த்தாள். பிறகு சித்தியிடம் சொன்னாள், "நீ சொல்லாம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாளைக்குச் சந்தோசமா இருந்திருப்பேன் தங்கச்சி." சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். அறந்தாங்கிக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டுக்கொண்டு நடந்தாள்.

கூட்டம் போனதும் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏண்டி செஞ்ச?"

சித்தி சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். "மரம் நின்னா அவுகளும் நிப்பாகன்னு நெனச்சேங்க்கா. செவப்பு வந்துட்டா மறுபடி பிளேன் ஏறிருவாகளே. ஊரே எங்கிட்ட புள்ள எங்க, புள்ள எங்கன்னு கேக்குது. அவுக எங்கன்னு ஒருத்தரும் கேக்கலையே."

சித்தப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வெளியே போய்விட்டார். நானோ, சித்தப்பா ஊரில்தானே இருக்கிறார், எங்கே என்று எதற்குக் கேட்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. சாமியை ஏமாற்றிய வீடு என்று யாரும் வாசல்படி மிதிக்கவில்லை. குழாயடியில் சித்தி குடம் வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்துகொண்டன. சித்தப்பா பெட்டியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து டிவி மேலே வைத்தார். புளியங்கன்று இருந்த அதே இடம். அம்மா இரவெல்லாம் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் ஊரார் கூப்பிட்டு, மரத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வரச் சொன்னார்கள். சித்தப்பா தொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். சித்தி ஈரப் புடவையோடு பின்னால். கோயிலில் கூட்டம். முறிந்த கிளையோடு அந்த மரம் அய்யனாருக்கு முன்னால் ஒரு அடிபட்ட பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தது. மரத்தைக் காட்டிலேயே நட்டுவிட வேண்டியதுதான் என்றார்கள் பாதிப் பேர். பூசாரிக்குத் துணிவு வரவில்லை. "அய்யாகிட்ட பொய்யாக் கேட்டோம். இப்ப மெய்யாக் கேப்போம். வெள்ள வந்தா மன்னிச்சாருன்னு அர்த்தம், மரமும் வீட்டுல நிக்கும். செவப்பு வந்தா மரம், தொட்டி எல்லாத்தையும் இங்கயே விட்டுட்டுப் போயிற வேண்டியதுதான்" என்றார்.

எல்லாத்தையும் என்று அவர் சொன்னபோது சித்தி டிவி மேலிருந்த பாஸ்போர்ட்டைத்தான் நினைத்திருப்பாள்.

யார் கட்டுவது? ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போது அம்மா முன்னால் வந்தாள். "நான் கட்டுறேன்."

யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஊரில் அந்த மரத்துக்கு முதல் எதிரி அம்மாதான். இப்போது அவமானப்பட்டு நிற்பதும் அம்மாதான். அவள் மரத்துக்காகப் பொய் சொல்வாள் என்று யார் நினைப்பார்கள்? அம்மா செவ்வரளியும் நந்தியாவட்டையும் பறித்து எல்லோருக்கும் கையை விரித்துக் காட்டினாள். திரும்பி நின்று மடித்துக் கட்டினாள். வைக்கும்போது அவள் சித்தியைப் பார்க்கவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். எடுக்கமாட்டேன் என்று அழுதேன். "சும்மா எடு ஆத்தா. சாமி பாத்துக்கிரும்" என்று அம்மா என் முதுகில் கை வைத்தாள். அந்தக் கை ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது இன்றைக்கும் முதுகில் தெரிகிறது. எடுத்தேன். பூசாரி பிரித்தார்.

வெள்ளை.

சித்தி உட்கார்ந்த இடத்திலேயே சரிந்தாள். சித்தப்பா ஓடிப்போய்த் தாங்கினார். நாலு பேர் பார்க்க அவர் அவளைத் தொட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பூசாரி மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கக் கை நீட்டினார். அதற்குள் அம்மா குனிந்து அதை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"பிரிச்சுப் பாத்துருவோம் தாயி" என்றார் பூசாரி.

"ஒரு தடவ பிரிச்சுப் பாத்துப் பட்டது போதாதா? அய்யா சொல்லியாச்சு. அவரு சொன்னத நம்புறியளா, இல்ல பொட்டலத்த நம்புறியளா?"

அம்மா போட்ட சத்தத்தில் பூசாரியே பின்வாங்கிவிட்டார். திரும்பி வரும் வழியில் ஊருணிக்கரையில் அம்மா மட்டும் இறங்கினாள். முழங்கால் தண்ணீர் வரை போய், பொட்டலத்தை நார்கூட அவிழ்க்காமல் அழுத்தி உள்ளே விட்டாள். கையைக் கழுவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கரையிலிருந்து கேட்டேன், "அம்மா, அதுல இருந்தது சேப்புத்தானே?"

"பேசாம நடடி."

அன்று ராத்திரி அம்மா சவூதிக்கு போன் போட்டாள். அப்பாவிடம் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். வழக்கமாகக் கேட்கிற குரலில் கேட்கவில்லை. அதுவும் எனக்கு அப்போது விளங்கவில்லை.

சித்தப்பா அதன் பிறகு போகவில்லை. திருமயம் ரோட்டில் நர்சரி போட்டார். இன்றைக்கும் இருக்கிறது. புதிதாகப் போன்சாய் வளர்க்க வருகிறவர்களிடம் முதலில் ஓட்டையுள்ள தொட்டி, அடுத்து வெயில், வேரில் கைவைக்க அவசரப்படாதீர்கள் என்பார். அந்த ஆல் விழுது விட்டு, அடி பருத்து, கொல்லையிலேயே நிற்கிறது. முறிந்த இடம் முண்டாகிவிட்டது. சித்திக்குக் கடைசிவரை பிள்ளை இல்லை. மணமேல்குடிப் பெண் என்ன ஆனாள் என்று எங்களுக்குத் தெரியாது. அவளுக்காக நான் தினமும் விளக்கு ஏற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். அம்மா போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிறது. படுக்கையில் கிடந்தபோது அந்தப் பொட்டலத்தைப் பற்றிக் கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. சித்திதான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். நீங்கள் இதை நாலு பேருக்குச் சொல்வதானால் சொல்லுங்கள், அனுப்புவதானால் அனுப்புங்கள். பத்துப் பேருக்கு என்று நான் கேட்கவில்லை, நல்ல சேதி வரும் என்றும் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி அனுப்புங்கள். மரம் பிள்ளை கொடுத்தது என்று சேர்க்காதீர்கள். சித்தி சொன்னதைக் குறைக்காதீர்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் நிறுத்த வேண்டாம். ஊருணியில் அம்மா விட்ட பொட்டலத்தில் என்ன பூ இருந்தது என்று நான் பார்க்கவில்லை. தயவுசெய்து நீங்களும் அதற்கு ஒரு நிறம் எழுதிவிடாதீர்கள்.